தலைவர் அடித்த சிக்ஸர்

இன்று காலை புத்தூரில் பெண்கள் கிரிக்கெட் போட்டித் தொடக்க விழா. நான் மாநில அணியின் பந்துவீச்சாளர் என்பதால், உள்ளூர்த் தலைவருக்கு முதல் பந்தை நான்தான் வீச வேண்டுமாம்.

மெதுவாகத்தான் வீசினேன். ஸ்டம்ப் சாய்ந்தது.

விழாக்குழுக்காரர் ஓடி வந்தார். "இன்னாம்மா இது? வீடியோ எடுத்துக்கினு இருக்காங்க, சார் சிக்ஸ் அடிக்கணும்!"

இன்னும் மெதுவாக வீசினேன். மறுபடியும் போல்டு.

"நீ சும்மா ஓடி மட்டும் வா, போதும்" என்று பந்தைப் பிடுங்கிக்கொண்டு, கேமராவில் படாமல் நின்று அவரே தூக்கிப் போட்டார். தலைவர் ஒருவழியாக அடித்துவிட்டார்.

மதியம் வாட்ஸாப்பில்: "மாநில வீராங்கனையின் பந்தில் தலைவர் சிக்ஸர்!"

கேட்டால் பெண்கள் விளையாட்டை வளர்க்கிறார்களாம். த்தூ!

அந்த வீடியோவுக்கு லைக் போட்ட நண்பர்களே, அந்த முதல் இரண்டு பந்தையும் யாராவது வீடியோ எடுத்திருந்தால் அனுப்புங்கள். அது மட்டும்தான் நான் விளையாடியது.