மத்தியானப் பூட்டு

பிரெஞ்சுக்காரர் போனாலும் அவர்களுடைய மத்தியானத் தூக்கம் புதுச்சேரியிலேயே இருக்கும் என்று நம்பிய முட்டாள் நான். ஆபீஸ் கதவைத் திறந்து பூட்டும் அற்ப வேலை எனக்கு. அன்றும் வழக்கம்போல் பன்னிரண்டுக்குப் பூட்டிவிட்டு, வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி, மூன்றுக்கு வந்து திறந்தேன். உள்ளே மெட்ராஸிலிருந்து வந்திருந்த புது அதிகாரி! எதிரே, புருஷனின் பென்ஷனுக்காக மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்த தவளக்குப்பத்து அம்மாள். ஓடிப்போய் அதிகாரியின் காலில் விழுந்தேன்.

“ஐயா, புள்ளகுட்டிக்காரன், வேலைய மட்டும் எடுத்துடாதீங்க!”

“கத்திக் கத்திப் பார்த்தேன்யா. தெருவே தூங்குது!” என்றார் அதிகாரி.

அம்மாள் சிரித்தாள். “நீ நல்லாருப்ப தம்பி! ஐயா எழுந்து ஓட வழியில்ல. என் கதைய முழுசா கேட்டு, கையெழுத்தும் போட்டுட்டாரு.”

அதிகாரி என்னையே பார்த்தார். “நாளைக்கும் பூட்டு” என்றார்.

மறுநாள் பன்னிரண்டுக்கு, வாசலில் வெகுநாளாகக் காத்திருந்த ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டுப் பூட்டினேன்.