வேதத்தில் சேராத அண்ணன்

அண்ணன் அவர்கள் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், திருப்பரங்குன்றத்துக்கு ஓடிப்போய் மடி நிறையத் திருநீறு வாங்கிவந்து, பகலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தவர் நெற்றியில் அப்பினேன். அப்பிய வேகத்தில் பாதி மூக்குக்குள் போயிற்று. தும்மிக்கொண்டே எழுந்தார்.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லண்ணே. கொசு."

பயந்ததற்குக் காரணம் உண்டு. பரவையில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்து, மதுரைக்கு வந்து பாதிரிமார் கல்லூரி ஒன்றில் தத்துவம் படித்து, அங்கேயே கீழ்வகுப்புக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கும் டியூட்டர் ஆனவர் அண்ணன். அத்தோடு விடாமல் வயதான பாதிரியார் ஒருவரிடம் கிரேக்க மொழியும் படிக்கத் தொடங்கினார். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் ஓர் எழுத்து அசப்பில் சிலுவை. அன்றைக்குத்தான் திருநீற்றுக்கு ஓடினேன்.

அது வேதப் புத்தகமா என்று பிறகு கேட்டதும் அண்ணன் சிரித்தார். "இத எழுதுனவங்க ஏசு பொறக்குறதுக்கு முந்நூறு வருசம் முந்தியே செத்துப் போயிட்டாங்கடா."

எனக்கு உயிர் வந்தது. பரவை மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப அவங்க எந்தச் சாமியத்தான் கும்பிட்டாங்க மாப்ள?"

"நம்மள மாதிரியே நெறைய வச்சிருந்தாங்க மாமா."

"அது இங்கனயே கெடக்கே. அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போய்ப் படிக்கணும்?"

மாமா நம்பவில்லை; அண்ணனுக்கென்று பேசிவைத்திருந்த மகளை வேறிடத்தில் கட்டிக்கொடுத்தார். அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் வாசலில் வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. அதன்பின் எந்தப் பங்காளி வீட்டு விசேஷத்துக்கும் அண்ணனுக்குப் பாக்கு வந்ததில்லை. அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கல்லூரியாவது யோக்கியமாக நடந்துகொண்டதா? தத்துவப் பேராசிரியரான வெள்ளைக்காரத் துரை விடுப்பில் சீமைக்குப் போகும்போதெல்லாம் கிரேக்கத் தத்துவ வகுப்பை நடத்தியது அண்ணன். யுத்தத்தில் கப்பல் கிடைக்காமல் துரை அங்கேயே தங்கிவிட்ட வருடங்களிலும் அண்ணன்தான். துரை ஓய்வு பெற்ற செய்தி வந்ததும், இனி அண்ணன்தான் பேராசிரியர் என்று மாணவர்கள் மாலையே வாங்கிவிட்டார்கள். நிர்வாகக் குழுவின் செயலாளர் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

"எல்லாம் சரி சார். இம்புட்டு வருசமா எங்ககூட இருக்கீங்க, இன்னும் ஞானஸ்நானம் வாங்கலையே."

"வேலைக்காக வாங்குனா ஒங்க சாமிக்கே தெரிஞ்சு போயிருமேய்யா."

சீமையிலிருந்து வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். அவருக்குக் கிரேக்கம் தெரியாது. அவருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவரும் அண்ணன்தான். நான் கொதித்தேன். "பாவம்டா, ஊருக்குப் புதுசு" என்றார். கோபப்பட வேண்டியவர் படாததால் அவர் பங்கையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் கடைசியாகக் காய்ச்சலில் படுத்துவிட்ட நாட்களில் முறைவைத்து வந்து தூக்கி உட்காரவைத்த மாணவர்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பத்துக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். இறப்பு வீட்டுக்குப் பாக்கு வைத்து அழைக்கும் வழக்கமில்லை. ஆகவே மாமாவும் பங்காளிகளும் தயங்காமல் வந்தார்கள். இந்த முதலாண்டு நினைவுநாளிலும் முதல் பந்தியில் உட்காருவார்கள். கை கழுவிவிட்டு இந்த நினைவு மலரைப் புரட்டுவார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் வேதத்தில் சேரவில்லை. பேராசிரியராகவும் ஆகவில்லை. கீழ்வகுப்புத் தர்க்க டியூட்டராகவே காலமானார்.