டிராயிங் சார் எழுதாமல் விட்டது

ஞானசிங் நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். பூசணிக்காயும் கூஜாவும் வரையச் சொல்லிக்கொடுக்கிறவரை யார் விஞ்ஞானி என்று மதிப்பார்கள்? அந்தக் குறை அவருக்கு நிறையவே உண்டு.

1931 முதல் மூன்று கோடை விடுமுறைகளை மணக்குடிக் காயலில் கழித்தார். மண்ணெண்ணெய் டின்னின் அடியை வெட்டிக் கண்ணாடி பதித்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். மீன்பிடிக்கிறவர்கள் ‘டின் சார்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அடியில் கடல்புல்லை வாலால் பிடித்தபடி கடல்குதிரைகள் நின்றன. அவற்றின் சொந்தக்கார மீனான குழல்மீன்கள், குச்சி குச்சியாக, புல்லோடு புல்லாய்க் கிடந்தன. இரண்டிலும் முட்டையைச் சுமப்பது ஆண். வயிறு வீங்கிய ஆண் குதிரை ஒருநாள் உடம்பை முறுக்கி முறுக்கிக் குஞ்சுகளைப் பீய்ச்சியபோது அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. உலகத்தில் இதை முதலில் கண்டவன் தான்தான் என்று நம்பினார். பாவம்.

இன்னொன்றையும் பார்த்திருந்தார். விடிந்ததும் பெண் குதிரை ஆண் நிற்கும் இடத்துக்கு வரும். இரண்டும் நிறம் வெளுத்துப் பளிச்சென்றாகும். ஒரே புல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுற்றும். பிறகு பெண் தன் பாட்டுக்குப் போய்விடும். கடைசிக் கோடையில் நாற்பத்தொரு நாள் தொடர்ந்து பார்த்தார். ஒரு நாள் தவறவில்லை.

இதைச் சொல்லி, மதராஸில் மீன்களை ஆராயும் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு எழுதப்போவதாக மனைவி லீலாபாயிடம் சொன்னார். அவள் சிரித்தாள்.

“மாப்பிள புள்ளத்தாச்சில்லா? சொகமான்னு கேட்டுட்டுப் போவுது. இத தொரைக்கி எழுதிராதீங்க, சிரிப்பாவ.”

துரைக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். காலைச் சந்திப்பு இருந்த பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டார்.

பதில் வந்தது. ஆண் குதிரை பிள்ளை பெறுவது நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் என்று துரை மரியாதையாகவே எழுதியிருந்தார். ஆனால் பார்த்தவர்களெல்லாம் கண்ணாடித் தொட்டியில் பார்த்தவர்கள். தண்ணீருக்குள் அவை எப்படி வாழ்கின்றன என்று இத்தனை நாள் நின்று பார்த்த வேறொருவரைத் தனக்குத் தெரியாது. அற்பம் என்று எதையாவது விட்டிருந்தால் அதையும் எழுதவேண்டும் என்று கேட்டிருந்தார்.

ஞானசிங்குக்கு அந்த நூறு வருஷத்தைத் தாண்டி மனசு போகவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. வாசிக்கக் கேட்ட லீலாபாய்தான் கடைசி வரியில் நிமிர்ந்தாள்.

“காலம்பற வருதுல்லா, அத எழுதுங்க. நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது.”

“தொர ஒரு மட்டம் சிரிச்சாச்சு. போதும்,” என்றார்.

அன்றைக்கே ஒரு தபால் கார்டை எடுத்து, பள்ளிக்கூடமே மெச்சும் அந்தக் கையெழுத்தில் எழுதினார்: தாங்கள் கேட்டபடி யோசித்துப் பார்த்தேன். விட்டுப்போனது ஒன்றுமில்லை.