நான் கொடுக்காத கேழ்வரகு மாவு

எங்கள் தெரு மாரியம்மனை நம்புகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போலீஸ், கோர்ட் என்று வருகிற கதை, அதனால் சொல்ல வெட்கம். இப்போது எனக்கு வயதாகிவிட்டது, வெட்கமும் போய்விட்டது.

2006-ஆம் வருஷம், ஆனி மாதக் கடைசி. பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கேண்டீனில் எனக்கு வேலை கிடைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் கார்மெண்ட்ஸில் தையல் மிஷினோடு மல்லுக்கட்டியவள் நான். கண் மங்கி, இடுப்பு ஒடிந்து, இனி முடியாது என்று நின்றபோது அம்மன் கொடுத்த வேலை இது. காலையில் பழைய மெட்ராஸ் ரோட்டில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை. சாயங்காலம் அந்த அட்டையைக் கழற்றாமலே எங்கள் ஜோகுபாளையத்துக்குள் நடந்து வருவேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று. பெருமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் தவறி அப்போது எட்டு வருஷம். ஒரே மகள் கவிதா, பி.யூ.சி. இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ. அவளை மேலே படிக்க வைக்க அந்த வேலை ஒன்றைத்தான் நம்பியிருந்தேன்.

ஒரு நாள் மதியம் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆபீசர் ராகவேந்திரா கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நோடம்மா, நிம்ம மேலெ போலீஸ் கேஸ் இதெ."

என் மேல் போலீஸ் கேஸ் இருக்கிறதாம்! வேலைக்கு எடுத்தவர்களைப் பற்றி ஒரு ஏஜென்சியை வைத்து விசாரிப்பார்களாம். அவர்கள் எங்கள் ஏரியா ஸ்டேஷனில் விசாரித்ததில் கலாட்டா, அடிதடி, ஒருவருக்கு மண்டை உடைந்தது என்று நம்பரோடு என் பெயருக்கு நேராக எழுதி வந்திருக்கிறது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. என் ஜென்மத்தில் நான் அடித்தது கொசுவும் கரப்பானும்தான். அவர் சிரிக்கவில்லை. "ஒரு மாசம் டைம் வாங்கியிருக்கேன்மா. கேஸ் இல்லேன்னு பேப்பர் கொண்டு வாங்க. அதுவரைக்கும் வர வேண்டாம்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். கழுத்து வெறுமையாக இருந்தது, தாலி இறக்கிய நாள் மாதிரி.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு பழைய காகிதக் கட்டை அவிழ்த்துப் புரட்டினார். இருந்தது. என் பெயர், வீட்டு நம்பர், கீழே என் கையெழுத்து. பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அம்மன் தேர் ஊர்வலத்தில் இளவட்டங்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு சரோஜாவின் மகன் பிரபுவையும் போலீஸ் பிடித்துப் போனது. பத்தொன்பது வயசு அவனுக்கு. விலக்கிவிடப் போனவன், மாட்டிக்கொண்டான். ஜாமீனுக்கு வீட்டு வரி கட்டிய ரசீது வைத்திருக்கிறவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகை, மீதிப் பேருக்கு வீடு உண்டு, பேப்பர் கிடையாது. ஒழுங்காக ரசீது இருந்தது என் வீட்டுக்குத்தான். சரோஜா அழுதுகொண்டு வந்து நின்றாள். ரசீதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அவ்வளவுதான். இரண்டு வருஷம் இழுத்து, குற்றம் இல்லை என்று பிரபுவை விட்டுவிட்டார்கள். நாங்கள் மறந்துவிட்டோம். ஜாமீன் கொடுத்தவளை அடித்தவள் என்று யாரோ தப்பாகப் படித்து எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஏட்டுக்கும் விஷயம் புரிந்தது. ஆனாலும், "கோர்ட்டு காப்பி இல்லாம நான் எதுவும் எழுதித் தர முடியாதும்மா" என்றார். கோர்ட்டுக்குப் போனேன். அங்கே நகல் கொடுக்கிற இடத்தில் ஒரு அம்மா, "பழைய கேஸ். அக்யூஸ்டு யாரோ அவங்களை வந்து மனு போடச் சொல்லுங்க" என்றாள்.

அங்கேதான் என் கால் நின்றுவிட்டது. பிரபு இப்போது ஏசி மெக்கானிக். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பெண் ஆஸ்டின் டவுன். பெண் வீட்டாருக்கு இந்த கேஸ் விஷயம் தெரியாது, சரோஜாதான் மறைக்கச் சொல்லியிருந்தாள். இந்த நேரத்தில் எந்த வாயால் போய்க் கேட்பது? கேட்டால் கேஸ் வெளியே வரும், அவன் கல்யாணம் நின்றுபோகும். கேட்காவிட்டால் என் வேலை, என் கவிதாவின் படிப்பு. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வழக்கம்போலப் புடவை கட்டி, டிபன் டப்பா எடுத்துக்கொண்டு கிளம்புவேன். வேன் என்னைத் தாண்டிப் போகும். அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, நேரமானதும் வீடு திரும்புவேன். கவிதா, "இன்னிக்கு என்னம்மா சமையல் கேண்டீன்ல?" என்று கேட்பாள். நானும் வாய்க்கு வந்த பதார்த்தத்தைச் சொல்வேன். பெற்ற மகளிடம் பொய். அது ஒன்றுதான் என்னை அறுத்தது.

ஒரு நாள் நேராக அம்மன் சந்நிதிக்குப் போனேன். நான் அவளிடம் பவ்யமாகப் பேசுகிறவள் இல்லை. "உன் தேர்ல நடந்த சண்டைதானே அது? நீ மேல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தே? உனக்குத் தெரியாதா யாரு அடிச்சாங்க, யாரு கையெழுத்துப் போட்டாங்கன்னு? நான் யாரையும் கேக்க மாட்டேன். நீயாச்சு, என் மானமாச்சு. எனக்கு வழி காட்டாட்டி இந்த வருஷம் என் வீட்டு மாவு உனக்குக் கிடையாது, போ!" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குங்குமம்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

மாவு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஆடி பிறந்ததும் வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு வாங்குவோம். கடைசி வெள்ளிக்கிழமை எல்லா மாவையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சி அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். ஒரு வீடும் விட்டுப்போகக் கூடாது. நான் வாழ வந்த நாளிலிருந்து என் வீட்டு மாவு தவறியதே இல்லை.

ஆடி பிறந்தது. அந்த வருஷம் மாவு வாங்குகிற முறை சரோஜாவுடையது. குண்டானோடு வந்து நின்றாள்.

"இந்த வருசம் என்கிட்ட இல்ல சரோஜா."

அவள் நகரவில்லை. "உன் வூட்ல கேவுரு மாவு இல்லேன்னா நான் நம்பணுமாக்கா? புருஷன் போன வருசம்கூட குடுத்தவ நீ. இன்னா ஆச்சு, சொல்லு. பால் வாங்கப் போறப்போ பாக்குறேன், வேன் உன்னை ஏத்தாமயே போவுது."

எனக்குத் தாங்கவில்லை. அவள் தோளில் சாய்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டு முடித்தவள் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபமில்லை. அவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசலில் பிரபு நின்றான். தேய்த்த சட்டை போட்டிருந்தான்.

"கிளம்பு பெரீம்மா, கோர்ட்டுக்குப் போலாம்."

"டேய், உன் கல்யாணம்டா!"

"நேத்தே ஆஸ்டின் டவுன் போயி பொண்ணு வூட்டு மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அம்மாதான் போவச் சொல்லிச்சு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. யோசிக்கணும்னாரு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அத அப்பால பாத்துக்கலாம். நீ வா."

மனு போட்டு, லீவு போட்டு அலைந்து, ஆடி மூன்றாம் வாரம் நகல் வாங்கினான். தீர்ப்பு ஒன்று, என் ஜாமீன் பத்திரம் ஒன்று. ஏட்டும் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். இரண்டு பேரும் பஸ் பிடித்து வைட்ஃபீல்ட் போனோம். ராகவேந்திராவின் மேஜை மேல் பேப்பர்களை வைத்துவிட்டு, பிரபு நிமிர்ந்து நின்று சொன்னான்.

"சார், கேஸ்ல இருந்தது நான். இவங்க என்னை வெளியே எடுத்தவங்க."

அவர் பேப்பர்களை இரண்டு முறை படித்தார். எழுந்து டிராயரிலிருந்து என் அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "தப்பாயிடுச்சும்மா, நாளைக்கே வந்துடுங்க" என்றார். அன்று நான் அழுத அழுகை மாதிரி என் வீட்டுக்காரர் போனபோதுகூட அழவில்லை. பிரபு என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஆஸ்டின் டவுனிலிருந்து அவனுக்கு மட்டும் அதுவரை பதில் வரவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை ஒரு படிக்கு இரண்டு படியாக மாவை அள்ளிக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன். கூழ் அடுப்பில் கொதிக்க ஆரம்பித்திருந்தது. "சரோஜா, என் மாவையும் கரைச்சு ஊத்து" என்றேன். அவள் மாவுக் கணக்கு நோட்டைத் திறந்து காட்டினாள். என் வீட்டு நம்பருக்கு நேராக ஏற்கெனவே டிக் போட்டிருந்தது.

"அன்னிக்கே போட்டுட்டேன்கா. உன் பேர்ல ஒரு படி, என் பேர்ல ஒரு படி. உனக்கும் அம்மனுக்கும் சண்டைன்னா ஊரு கூழு ஏன் கொறயணும்?"

நான் அம்மனைப் பார்த்தேன். கொடுக்க மாட்டேன் என்று வீம்பாகச் சொன்னேனே, அந்த ஒரு படி மாவு குறையப் போய்த்தானே சரோஜா என்னைக் கேட்டாள்! நான் திட்டிய வார்த்தையையே பிடித்துக்கொண்டு எனக்கு வழி செய்திருக்கிறாள் அந்தத் தாய். அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

எழுந்திருக்கும்போது யாரோ ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றிருந்தார், கூடவே பச்சைப் புடவையில் ஒரு பெண். "மாப்பிள்ளைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அம்மா நீங்கதானாமே? என் பொண்ணு உங்களை முதல்ல பாக்கணும்னு சொன்னா" என்றார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் சொம்புக் கூழை அவளுக்குத்தான் ஊற்றினேன். தள்ளி நின்றிருந்த பிரபு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கவிதா படித்து முடித்து இன்று வேலைக்குப் போகிறாள். அன்று சொன்ன பொய்க்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். என் கஷ்டத்தை மனுஷரிடம் சொல்வது கேவலம் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், அதற்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை. அம்மன் பக்கத்து வீட்டு வாசல் வழியாகவும் வருகிறாள். உங்களுக்குக் கஷ்டம் வந்தால் அவளிடம் போங்கள். அழுகை வந்தால் அழுங்கள், கோபம் வந்தால் சண்டை போடுங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அப்புறம் யாராவது குண்டானோடு வந்து நின்று என்ன ஆச்சு என்று கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி யாருக்கும் ஜாமீன் கொடுக்கப் போகமாட்டாய்தானே என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போய்விட்டேன். வீட்டு வரி ரசீதைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாகத்தான் வைத்திருக்கிறேன், யாராவது வந்து நின்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாமே.