மண் சிப்பாய்களும் என் தலைச்சுற்றலும்

ஒன்பது வயதுப் பெண் தலை சுற்றுகிறது என்று சொன்னால், அது நிஜமா பொய்யா என்று பெற்றவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை. அந்தச் சொல்லை என் மகள் எங்கே கற்றாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன், அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளியிலிருந்து சிட்னி நகருக்குள் ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். பண்டைய சீனாவின் பொக்கிஷங்கள் என்று அனுமதிக் கடிதத்தில் இருந்தது. பீங்கான், பட்டு என்று நானாக நினைத்துக்கொண்டு, உதவிக்கு வரும் பெற்றோர் என்ற கட்டத்தில் டிக் செய்து அனுப்பிவிட்டேன். கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. எதையும் இரண்டு தடவை படிக்கிறவள் நான். அதை மட்டும் எப்படி விட்டேனோ. மகள் அன்றே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள், "எங்க அம்மாவும் வர்றாங்க."

அப்போது எனக்கு நான்காவது மாதம். அதற்கு முந்தைய வருடம் ஒன்று பத்தாவது வாரத்தில் கலைந்துபோயிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் என் கணவரின் அலுவலக நண்பருடைய தகப்பனார் இறந்து, நாங்கள் இருவரும் துக்கத்துக்குப் போய்வந்திருந்தோம். ஊரிலிருந்து அம்மா போனில் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அந்த எழவு வீட்டுக்கு நீயும் போனியா?" நான் வேதியியல் படித்தவள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் புறநகரான பரமட்டாவில் ரயில் ஏறியதும் என் எதிரே உட்கார்ந்தவள், மகளோடு படிக்கும் ஒரு பையனின் அம்மா. யாழ்ப்பாணத்துக்காரி. அவளும் உதவிக்கு வந்தவள். அவள்தான் சொன்னாள்.

"ராசாவின்ர சமாதிக்குப் பக்கத்தில கிண்டி எடுத்ததாம். ஆளுயரத்தில மண் சிப்பாய்கள். செத்த பிறகும் அவருக்குக் காவல் வேணுமாம்."

"சமாதியா?"

"ஓம். ஏன், உங்கட முகம் இப்பிடிப் போகுது?"

வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். "மாசமா இருக்கறப்ப அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போகக்கூடாதுன்னு..."

"துடக்கோ?" அவள் சிரித்தாள். "அந்தாளுக்கு முப்பத்தொண்டு கழிஞ்சு ரெண்டாயிரம் வருஷமாச்சு. இன்னுமே துடக்கு?"

தீட்டைத்தான் துடக்கு என்கிறாள்; முப்பத்தொண்டு என்றது முப்பத்தோராம் நாள் காரியத்தை. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, இறங்கும்வரை துப்பட்டாவால் வயிற்றை மூடியபடியே உட்கார்ந்திருந்தேன்.

கண்காட்சி வாசலில் குழந்தைகள் இரண்டிரண்டு பேராக நின்றார்கள். கதவுக்கு அப்பால் ஒரே இருட்டு. நான்கு குழந்தைகள் என் பொறுப்பு. ஆனாலும் ஆசிரியையிடம் போய், எனக்குத் தலை சுற்றுகிறது, வெளியே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னேன்.

நான் கர்ப்பமாக இருப்பது அவருக்குத் தெரியும். ஒரு நிமிடத்தில் நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது, காவலர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று ஆசிரியை போனைக் கையில் எடுத்துவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பதற்றம் கூடியது. வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

மகள் வரிசையை விட்டு ஓடி வந்தாள். "பாப்பா மறுபடியும் போயிடுமா?" என்று கேட்டு அழுதாள்.

முந்தைய வருடம் நடந்ததை நாங்கள் அவளிடம் சொன்னதே இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. குனிந்து அவள் காதில் சொன்னேன்: "பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. அம்மா சும்மா சொன்னேன்."

"ஏன்?"

"உள்ள போகப் பிடிக்கல."

அழுகை நின்றது. ஆசிரியையைப் பார்த்தாள். சக்கர நாற்காலியைப் பார்த்தாள். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பேர் ஓடி வந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடுவதுபோல இருந்தது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்ப நீங்களும் வாங்க. நீங்க வராம நான் போகமாட்டேன்."

சரியாகிவிட்டது என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். பொய்யும் சொல்லியாயிற்று, உள்ளேயும் போயாயிற்று.

உள்ளே குளிராக இருந்தது. வெளிச்சம் சிப்பாய்கள் மேல் மட்டும் விழுந்தது. ஒரு முகம் போல இன்னொரு முகம் இல்லை. ஒருவனுக்குக் கன்னம் உப்பியிருந்தது, ஒருவன் எதற்கோ சலித்துக்கொண்டவன் மாதிரி இருந்தான். முழங்காலிட்டிருந்த வில்வீரனின் பின்னால் போய்க் குழந்தைகள் தரையில் படுத்துக்கொண்டார்கள். அவன் காலணியின் அடிப்பக்கம் தெரிந்தது. வழுக்காமல் இருக்கத் தைத்த தையல், புள்ளி புள்ளியாக, மண்ணிலேயே. புதைக்கப்போகிற சிலையின் காலணிக்கு அடியை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் யாரோ உட்கார்ந்து குத்தியிருக்கிறார்கள். வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பேன்.

மன்னனின் சமாதியை இன்னும் திறக்கவே இல்லை, அந்த மண்ணில் பாதரசம் நிறைய இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னார். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதென்று பாதரசத்துக்குப் பயந்து நான் பெரிய மீன்கள் சாப்பிடுவதையே நிறுத்தியிருந்தேன். அதுவரை என் பயத்தை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது. இப்போது படித்தவள் பயப்படத்தக்க காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. சிலைகளை நன்றாகச் சுத்தம் செய்துதானே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். இதை யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார் அவர்.

"இப்ப பாதரசத் துடக்கோ?" என்றாள் யாழ்ப்பாணத்துத் தோழி, என் காதருகில்.

வீட்டுக்கு வந்ததும் எதையும் தொடாமல் தலைக்குக் குளித்தேன். மகளுக்கும் ஊற்றினேன். "ஏன் இப்ப தலைக்கு?" என்றாள். தூசி என்றேன். அதற்குள் அம்மா போன் செய்தாள். "ரெண்டு தடவை அடிச்சேன், எங்க போயிருந்தே?"

"இவ ஸ்கூலுக்கும்மா."

மகள் தலையில் துண்டோடு பக்கத்திலேயே நின்றாள். ஐந்து நிமிடம் தாமதம் என்று நான் சொன்னால் ஏழு நிமிடம் என்று திருத்துகிற பெண். அன்று திருத்தவில்லை.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். இப்போது வீடு முழுக்க ஓடுகிறான். அந்த நாளைப் பற்றி அம்மாவுக்கும் சொல்லவில்லை, கணவருக்கும் சொல்லவில்லை.

இந்தப் பருவத்தில் பள்ளியில் வியாழக்கிழமைதோறும் நீச்சல் வகுப்பு. மூன்று வியாழக்கிழமைகள் மகள் தலை சுற்றுகிறது என்று சொல்ல, பள்ளியிலிருந்து கூப்பிட, நான் போய் அழைத்து வந்தேன். டாக்டர் ரத்தம், காது, கண் எல்லாம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, கவனித்துக்கொண்டிருங்கள் என்றார். மூன்றாவது முறை காரில் கேட்டேன்: "என்கிட்ட மட்டும் சொல்லு. நிஜமாவே சுத்துதா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னிக்கு டீச்சர் உங்கள நம்பினாங்கல்ல?"

ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

போன வியாழக்கிழமை, இறங்கு என்று நானே சொன்னேன். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு குளத்தின் ஓரத்திலேயே நின்றேன். வகுப்பு முடியும்வரை அவள் விளிம்புக் கம்பியை விடவில்லை. பயமா, கோபமா, நிஜமாகவே சுற்றியதா? முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

நடிக்கிறாள் என்கிறார் கணவர். நடிப்பாக இருந்தால் நான் கற்றுக்கொடுத்தது. நடிப்பாக இல்லாவிட்டால், அவள் இருப்பது தண்ணீரில். அன்று ஏன் பொய் சொன்னேன் என்று அவளிடம் விளக்கலாமா என்று நினைக்கிறேன். விளக்கினால் அந்தத் துக்க வீட்டையும் அம்மாவின் கேள்வியையும் சொல்ல வேண்டும். என் பயத்தை அவளுக்கும் கொடுத்ததாகிவிடாதா?

இன்னும் நான்கு வியாழக்கிழமைகள் இருக்கின்றன. பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள். தான் ஒருமுறை பொய் சொல்லி மாட்டிக்கொண்ட தாய், மகளிடம் உண்மையை எப்படிக் கேட்க வேண்டும்? அதுவரை அவள் சொல்வதை நம்புவதா, தண்ணீரில் இறக்குவதா?