பச்சையும் பிரவுனும்

வீட்டு நெட்வொர்க் வேலையில் முழுக்கச் செத்துப்போன கேபிளைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி உயிரோடு இருப்பதுதான் ஆளை வாட்டிவிடும்.

நீங்களும் பட்டிருப்பீர்கள். சர்வரிலிருந்து ஒரு கல்யாண வீடியோவை இழுத்தால் ‘மூன்று நிமிடம்’ என்று காட்டும். காபி குடித்துவிட்டு வந்தால் ‘ஐம்பது நிமிடம்’ என்று நிற்கும். நான் சொல்வது பிராட்பேண்ட் வந்த புதிதில். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கம்ப்யூட்டரில் பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டி, மற்ற அறைகளுக்குக் கேபிள் இழுத்துவிடுவோம். தாம்பரத்தைச் சுற்றி அந்த வேலையை நானே பார்த்துப் பழகிச் செய்துவந்தேன்.

வாய் அவள், கை நான்

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். முறுக்கைப் பிரித்து, நிற வரிசை தவறாமல் பிளக்கில் சொருக வேண்டும். எனக்குப் பிறவியிலிருந்தே பச்சையும் பிரவுனும் ஒன்றுதான். அது என் மனைவி வசந்தாவுக்கு மட்டும் தெரியும். ஸ்கூட்டரில் கூடவே வருவாள். அவள் நிறம் சொல்ல, நான் சொருகுவேன்.

சேலையூரில் ரிடையர்டு டீச்சர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதுல இன்ஜினியர் யாரு, நீங்களா அவங்களா?” என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா முந்திக்கொண்டாள்: “இவர்தான் டீச்சர். ஆனா இவர் பிளாக் அண்ட் ஒயிட், நான் கலர் டிவி.”

எட்டு விளக்கும் எரிந்தது

வசந்தா காலமான பிறகு மூன்று மாதம் எங்கும் போகவில்லை. பிறகு போனேன், தனியாக. நிறம் தெரியாதென்று சொல்லக் கூச்சம். சொன்னால் யார் கூப்பிடுவார்கள்? வேலையும் இல்லையென்றால் நாள் முழுக்க அந்த வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதை நினைத்தாலே பயம்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். குத்துமதிப்பாகச் சொருகி, கம்பிக்கு ஒரு விளக்கு வீதம் உள்ள டெஸ்டரில் மாட்டிப் பார்ப்பேன். விளக்குகள் எட்டும் வரிசையாக எரியும்வரை ஒரு முனையை மாற்றி மாற்றிப் போடுவேன். எரிந்துவிட்டால் சரி என்று நினைத்தேன்.

பல்லாவரத்தில் தோல் பை வியாபாரம் செய்த ரஹீம் பாய் வீட்டு மாடிக்கு அப்படித்தான் போட்டேன். வேகம் ஏறும், இறங்கும், நிற்கும். கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியை மாற்றினேன். ஹார்ட் டிஸ்கை மாற்றினேன். மூன்றாம் தடவை போனபோது பாய் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இன்னா சார் இது, ரயில்வே கேட் மாதிரி தொறந்து தொறந்து மூடிக்கினு கீது?”

ஃபாத்திமாவின் கண்

நான்காம் தடவை போனபோது, டீ கொண்டுவந்த அவர் மனைவி ஃபாத்திமா, என் கையிலிருந்த பிளக்கை உற்றுப் பார்த்தார். தையல் வேலை செய்கிறவர். ரவிக்கைக்கு நிறம் பார்த்து நூல் சேர்த்துப் பழகிய கண். “அண்ணா, போன வருஷம் அக்காவோட வந்து கீழ் ரூமுக்குப் போட்டீங்களே, அதுல இந்த இடத்துல பச்சை. இதுல பிரவுன் இருக்கே?”

அப்போதுதான் புரிந்தது. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தப்பு செய்திருக்கிறேன். இரண்டு முனையும் ஒத்துப்போனால் டெஸ்டருக்குப் போதும். ஆனால் சேர்ந்து முறுக்கியிருந்த ஜோடி பிரிந்து வேறு வேறு ஜோடியோடு ஓடினால், கம்பிகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும், வேகம் தடுமாறும்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியும்,” என்றேன். இத்தோடு என் தொழில் முடிந்தது என்று டூல்ஸ் பையை மூடினேன். அவர் டீயை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கேபிள் நுனியைக் கையில் எடுத்தார். “அதுக்கு ஏண்ணா பையை மூடுறீங்க? நான் கலர் சொல்றேன், நீங்க சொருகுங்க.”

பதினோரு வீடு

வசந்தாவுக்குப் பிறகு தனியாகப் போட்ட வீடுகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. ஒவ்வொன்றாகப் போய், விஷயத்தைச் சொல்லி, அவர்களையே நிறம் படிக்க வைத்துத் திருத்தினேன். சிட்லப்பாக்கத்தில் ஒரு பேங்க் ஆபீசர் இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தார். யாரும் கதவைச் சாத்தவில்லை.

கடைசி வீடு கோவளத்தில், மீன் ஏஜெண்ட் ஆரோக்கியம் வீடு. பத்து வருஷமாக இங்கிலீஷ் பேசும் ஹோட்டல்காரர்களுக்கு மீன் அனுப்புகிறவர். என் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “இத்த சொல்லவா சார் இம்மாந்தூரம் வந்தே? எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. எல்லார்கிட்டயும் தலையாட்டிக்கினே காலத்தை ஓட்டிக்கினு கீறேன்.”

பச்சை எது, பிரவுன் எது என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து கோவளம் வரை பாதிப் பேருக்குக் கேபிள் போடத் தெரிந்துவிட்டது.