வலி போன கணுக்கால்

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், ஒகேனக்கல்லில் வெள்ளம் வடிந்து மறுபடி பரிசல் விடத் தொடங்கிய நேரம் பார்த்து, பாறையில் வழுக்கி என் கணுக்கால் பிசகியது. மனைவி புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டு, "அசையாம உக்காருங்க" என்றாள். வெளியே பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்குகிறது, பரிசல் ஓட்டுகிற நான் உட்காருவதா? பென்னாகரம் போய் டாக்டரிடம் மாத்திரை வாங்கினேன். மாத்திரை வலியையும் வீக்கத்தையும்தான் குறைக்கும், கிழிந்த தசைநார் ஒன்றுசேர நாளாகும் என்றார். முதல் பாதிதான் என் காதில் ஏறியது.

மறுநாளே வலி இல்லை. "உக்காந்துதானே துடுப்புப் போடறேன், காலுக்கு என்ன வேலை?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினேன். நீரோடு இறங்கும்வரை சரிதான். திரும்பும்போது பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேட்டில் நடந்தே வர வேண்டும். இதை எந்தப் பரிசல்காரனும் மறக்க மாட்டான், நான் மறந்தேன். பாதி வழியில் கால் மடங்கியது. பெரிதாக வலிக்கவில்லை, அதனால் அப்படியே வீடுவரை நடந்து தொலைத்தேன்.

சாயங்காலம் கால் பூசணிக்காயாக வீங்கியது. மாத்திரை எங்கே என்று கத்தினேன். மிச்சத்தை மனைவி அடுப்பில் போட்டிருந்தாள்.

"வலி இருக்கட்டுங்க. நான் சொல்லி நீங்க உக்காரல, அது சொன்னா உக்காருவீங்க."